அளக்கும் சக்கரமும் சுற்றும் சுருளும்

ஒரு சட்டையின் விலையில் மிகச் சிறிய பங்கு அதன் ஓரத்தில் இருக்கிறது. கழுத்துக்கு லேஸ், கை விளிம்புக்கு ரிப்பன், இடுப்புக்கு இலாஸ்டிக், பாவாடைக்கு நாடா, சேலைக்கு ஃபால்ஸ். துணியோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் சில்லறை. ஆனால் பிள்ளைக்குத் தைத்த உடுப்பு தீபாவளி உடுப்பாகத் தெரிவது இந்தச் சில்லறையால்தான்.

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் தலவாக்கலைக்கும் இறங்குவார்கள். ஆயத்த உடை வாங்குவோர் பலர். துணி எடுத்து லயத்து வீட்டிலேயே தைத்துக்கொள்வோரும் உண்டு. இலங்கையில் தையல் மெஷின் விற்கும் சிங்கர் நிறுவனம் கால் வைத்தது 1877இல். ரயில் பாதை ஹட்டனை எட்டியது 1884இல். நானுஓயாவை அதற்கு அடுத்த ஆண்டில். கொழும்பிலிருந்து துணிப்பொதியும் தையல் மெஷினும் மலையேற வழி அப்போது திறந்தது. தையல் தெரிந்த ஓர் அக்கா இருந்தால் அந்த லய வரிசைக்கே அது பெரிய உதவி. அவர் கடையில் வந்து கேட்பார்: “இந்த லேஸில் மூணு யார் கொடுங்க தம்பி.”

மூன்று யார் சரியாக வந்ததா என்பது இரண்டு வழிகளில் முடிவாகும். மேசையில் பதித்த பித்தளைக் கோலில் கடைக்காரர் கையால் இழுத்து அளக்கலாம். அல்லது மேசை விளிம்பில் திருகி வைத்த ஒரு சிறு பொறியின் கைப்பிடியைச் சுழற்றலாம். மின்சாரம் வேண்டாத அந்தப் பொறி ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: நாடாவை அளக்கிறது, அட்டையில் அல்லது சுருளில் சுற்றுகிறது. மொத்தக் கடைக்கு இது இல்லாமல் முடியாது. லேஸும் ரிப்பனும் ஆலைகளிலிருந்து பெரும்பாலும் பெரிய சுருளாகவே வரும். 12 டசன் யார், அதாவது 144 யார் கொண்ட ‘குரோஸ்’ சுருள் இந்த வியாபாரத்தின் பழைய அளவு. அதை 10 யார், 5 யார் என்று சிறு அட்டைகளாகப் பிரித்தால்தான் சில்லறைக் கடை வாங்கும்.

கைப்பிடி சுற்றும் இந்த எளிய பொறிக்குள் வடிவியல், மீள்தன்மை, உராய்வு, காற்றின் ஈரம் ஆகிய நான்கும் ஒன்றாக வேலை செய்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொறியின் உறுப்புகள்

இடப்பக்கம் ஒரு தண்டு. அதில் பெரிய சுருள் செருகப்படும். அடுத்து, நாடா தடம் மாறாமல் வர ஒரு வழிகாட்டிக் கம்பி. நடுவில் அளவுச்சக்கரம். அதன் விளிம்பு ரப்பரால் ஆனது, அல்லது வழுக்காதபடி சொரசொரப்பாக்கிய உலோகம். சக்கரத்தின் மேல் வில்லால் அழுத்தப்பட்ட ஒரு சிறு உருளை. நாடா இரண்டுக்கும் நடுவே போகும். சக்கர அச்சோடு பற்சக்கரங்களால் பிணைந்த எண்காட்டி ஒன்று. கடையில் அதை ‘மீட்டர்’ என்பார்கள். வலப்பக்கம் கைப்பிடியும், அட்டையைக் கவ்விச் சுழலும் தண்டும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: கைப்பிடி சுழற்றுவது அளவுச்சக்கரத்தை அல்ல, அட்டையை. அட்டை சுழன்று நாடாவை இழுக்கிறது. இழுபடும் நாடா போகிற போக்கில் அளவுச்சக்கரத்தைத் திருப்புகிறது. சக்கரத்தின் சுற்றளவு 18 அங்குலமானால் அது இரண்டு முறை சுழல 1 யார் கடந்துவிட்டது என்று பொருள். மெட்ரிக் பொறியில் சுற்றளவு 50 சென்டிமீட்டர்; இரண்டு சுழற்சிக்கு 1 மீட்டர். விட்டத்தை 3.1416ஆல் பெருக்கினால் சுற்றளவு என்று பள்ளியில் படித்த கணக்கு இங்கே பிழைப்பு நடத்துகிறது. 50 சென்டிமீட்டர் சுற்றளவு வேண்டுமானால் விட்டம் 15.9 சென்டிமீட்டர்.

சுற்றை எண்ணினால் போதாதா?

கைப்பிடியை எத்தனை முறை சுழற்றினோம் என்று எண்ணிவிட்டால் தனியாக ஒரு சக்கரம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அட்டையின் ஒரு சுற்று 20 சென்டிமீட்டர் என்றால் 50 சுற்றுக்கு 10 மீட்டர். கணக்கு முடிந்தது போலத் தெரிகிறது. முடியவில்லை.

முதல் சுற்று அட்டையின் மேல் விழுகிறது. இரண்டாவது சுற்று அட்டையின் மேல் அல்ல, முதல் சுற்றின் மேல் விழுகிறது. நாடாவின் கனம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட 2 × 3.14 × 1, அதாவது ஏறத்தாழ 6.3 மில்லிமீட்டர் நீளம். 50ஆவது சுற்றுக்கு வரும்போது 20 சென்டிமீட்டராகத் தொடங்கியது 51 சென்டிமீட்டரைத் தொட்டிருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் அட்டையில் இருப்பது 10 மீட்டர் அல்ல. ஏறத்தாழ 17¾ மீட்டர். சுற்றை எண்ணி விற்ற கடைக்காரர் கிட்டத்தட்ட 8 மீட்டரை இலவசமாகக் கொடுத்திருப்பார்.

இதில் ஓர் அழகான வடிவியல் உண்மை ஒளிந்திருக்கிறது. சுருள் வட்டமாக இருந்தாலும், அட்டை தட்டையாக இருந்தாலும், முக்கோணமாகவே இருந்தாலும், ஒரு சுற்றுக்குக் கூடும் நீளம் ஒன்றேதான்: கனத்தை 2π ஆல் பெருக்கிய அளவு. நேர்ப்பக்கங்களில் நீளம் கூடுவதில்லை. கூடுவதெல்லாம் முனைகளில் நாடா வளையும் இடத்தில். ஒரு முழுச் சுற்றில் நாடா மொத்தம் 360 பாகைதான் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தை இரண்டு முனையில் செய்தாலும் மூன்றில் செய்தாலும் கூடுதல் ஒன்றே. உள்வளைவு இல்லாத எந்த வடிவத்துக்கும் இது பொருந்தும் என்பதைச் சுவிட்சர்லாந்துக் கணிதர் யாக்கோப் ஸ்டெய்னர் 1840இல் பொதுவிதியாக எழுதினார்.

ஆகவேதான் பொறியில் இரண்டு வேலையும் இரண்டு உறுப்புக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. சுருள் பருத்துக்கொண்டே போகட்டும். அதன் வேலை சுற்றுவது. சக்கரம் அளவு மாறாமல் இருக்கட்டும். அதன் வேலை அளப்பது. மாறும் பொருளைக் கொண்டு அளக்காதே என்பது அளவையியலின் முதல் பாடம்.

நூல் சிட்டம் கண்ட வேறு வழி

இதே சிக்கலுக்கு நூல் ஆலைகள் வேறொரு விடை கண்டன. நூலின் பருமனைச் சோதிக்கும் கைச்சுழல் சட்டத்தின் சுற்றளவு ஒன்றரை யார், அதாவது 54 அங்குலம். 80 முறை சுழற்றினால் 120 யார். அதைப்போல் 7 பங்கு சேர்ந்தால் 840 யார் கொண்ட ஒரு சிட்டம். ஓர் இறாத்தல் எடையில் இப்படி 40 சிட்டம் வருமானால் அது 40ஆம் நம்பர் பருத்தி நூல்; நீட்டிப் பிடித்தால் 33,600 யார்.

இங்கே அளப்பதும் சுற்றுவதும் ஒரே சட்டம்தான். நூல் மேலுக்கு மேல் ஏறினால் முன்பு சொன்ன அதே பிழை வந்துவிடும். அதைத் தவிர்க்க, சட்டம் சுழலும்போதே வழிகாட்டி மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து நூலைப் பரப்பிவிடுகிறது. நூல் மெல்லியது, பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். லேஸும் ரிப்பனும் அகலமானவை. அடுக்கடுக்காக ஏறித்தான் தீரும். பொருளின் வடிவமே பொறியின் வடிவத்தைத் தீர்மானித்தது.

நூலை யாரில் அளப்பது ஒரு காலத்தில் அரசியலாகவும் இருந்தது. 1924இல் காந்தி தலைமை தாங்கிய பெல்காம் காங்கிரஸின்போது, உறுப்பினராக விரும்புவோர் மாதம் 2000 யார் நூல் தர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. ராட்டையில் நூற்றதைச் சட்டத்தில் சுற்றி எண்ணினால்தான் 2000 யார் என்று சொல்ல முடியும். 1927 நவம்பரில் கதருக்கு நிதி திரட்ட இலங்கைக்கு வந்த காந்தி மலையகத்துக்கும் ஏறி வந்து தோட்டத் தொழிலாளர்களிடம் பேசினார். நூற்றவரின் உழைப்புக்கு யார்க்கணக்கு சாட்சி சொன்ன காலம் அது.

எண்ணும் பற்கள்

சுழற்சியை எண்ணிக்கையாக்கும் கலை மிகப் பழையது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் 10ஆம் பாகத்தில் ஒரு வண்டியை விவரிக்கிறார். அதன் சக்கரம் ஒரு முறை சுழன்றால் 12½ அடி. 400 முறை சுழன்றால் 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அப்போது பற்சக்கரம் ஒரு துளையைத் திறக்க, ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும். பயணம் முடிந்ததும் கல்லை எண்ணினால் மைல். சென்னை மாகாணத்தில் பாதைகளை அளந்த நில அளவையாளர்கள் கையால் தள்ளிச் சென்ற அளவுச்சக்கரமும் இந்த வம்சம்தான்.

நம் லேஸ் பொறியின் எண்காட்டிக்கு நேர் மூதாதை சைக்கிள். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த கர்ட்டிஸ் வீடர் 1895இல் சைக்கிளுக்கான சிறு தூரமானியை உருவாக்கினார். அதற்குள் 0 முதல் 9 வரை எழுதிய வளையங்கள் வரிசையாக நிற்கும். ஒன்றுகளின் வளையம் ஒரு முழுச் சுற்று முடிக்கும்போது அதிலுள்ள ஒரே ஒரு பல், பக்கத்திலுள்ள சிறு பற்சக்கரத்தைத் தட்டும். பத்துகளின் வளையம் ஒரு படி நகரும். 9க்குப் பிறகு 10 வருவதைக் கையில் எழுதும்போது ‘மீதி ஒன்று’ என்கிறோம். அந்த மீதி ஒன்றை இங்கே ஓர் இரும்புப் பல் தூக்கிக் கொடுக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயிண்ட் லூயிஸ் நகரத்து மெஷர்கிராஃப் நிறுவனம் துணிக்கடை மேசைக்கென்றே பொறி செய்தது. துணியை இழுக்க இழுக்க நீளத்தோடு விலையையும் அது காட்டியது.

இழுத்தால் நீளம், ஈரத்தில் இன்னொரு நீளம்

இரும்புக் கம்பியை அளப்பதும் இலாஸ்டிக்கை அளப்பதும் ஒன்றல்ல. இழுவிசைக்கேற்ப நீட்சி கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இலாஸ்டிக் வியாபாரத்தின் இதயம். கைப்பிடியை வேகமாகச் சுழற்றும்போது இலாஸ்டிக் 10 சதவீதம் நீண்டபடி சக்கரத்தைக் கடக்கிறது என்று கொள்வோம். மீட்டர் 10 என்று காட்டும். அவிழ்த்து மேசையில் போட்டுச் சற்றுப் பொறுத்தால் 9 மீட்டர் 9 சென்டிமீட்டர்தான் இருக்கும். பள்ளிப் பையனின் காற்சட்டை இடுப்புக்கு 60 சென்டிமீட்டர் கேட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோவது 54½ சென்டிமீட்டர். தைத்த பிறகு வயிற்றில் தடம் பதியும்போதுதான் குறை தெரியும்; குற்றம் தையற்காரர் தலையில் விழும்.

ஆடைத் தொழிற்சாலைகள் இதை நன்கு அறியும். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையல் மேசைகளைக் கொழும்பைத் தாண்டி நாட்டின் உட்பகுதிகளுக்குக் கொண்டுவந்தது. தோட்டங்களிலிருந்து ‘கார்மென்ட்ஸ்’ வேலைக்குப் போகும் பெண்களின் தலைமுறையும் உருவானது. அங்கே இலாஸ்டிக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வெட்டுவதில்லை. தளர்வாகக் கொட்டி ஒரு நாள் ‘ஆற’ விடுவார்கள். சுற்றியபோது ஏறிய இழுவிசை இறங்கி, நாடா தன் சொந்த நீளத்துக்குத் திரும்பிய பின்புதான் கத்தரி. கடைப் பொறியில் இதற்கு இணையான ஒழுக்கம் நிதானமான கை. பெரிய சுருள் தடையில்லாமல் உருண்டு வர வேண்டும். கைப்பிடி வெட்டி வெட்டிச் சுழலக் கூடாது.

மலையகத்தில் இன்னொரு காரணமும் சேரும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிமூட்டம் கடைக்குள் புகுந்து போகும் ஊர். பருத்தி இழை காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் குணமுடையது. 20 பாகை வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள சோதனைக்கூடக் காற்றில்கூடப் பருத்தி தன் உலர் எடையில் 7, 8 சதவீதம் நீரை வைத்திருக்கும். பொலியெஸ்டர் வைத்திருப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. நீர் குடித்த பருத்தி இழை நீளவாக்கில் அதிகம் நீள்வதில்லை, பருமனில் வீங்குகிறது. முறுக்கிய கயிற்றில் ஒவ்வொரு இழையும் திருகுபாதையில் ஓடுகிறது. உள்ளே வீக்கம் வந்தால் அந்தப் பாதை அகலமாகி, கயிறு குறுகும். பருத்தி நாடாவை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும் என்று அனுபவமுள்ள தையற்காரர்கள் சொல்வது இதனால்தான். பொலியெஸ்டர் லேஸுக்கு அந்தக் கவலை இல்லை.

வழுக்கலும் தேய்மானமும்

பொறி பொய் சொல்லும் இடங்கள் இரண்டு. முதலாவது வழுக்கல். நாடா ஓடுகிறது, சக்கரம் முழுதாகச் சுழலவில்லை என்றால் மீட்டர் குறைத்துக் காட்டும், நட்டம் கடைக்கு. வழுக்காமலிருக்க நாடாவைச் சக்கரத்தின் பாதி வட்டத்தில் தழுவவிடலாம். சுற்றிய கயிற்றின் பிடிமானம் கோணத்தோடு பெருக்கல் முறையில் ஏறும். முரட்டு மாட்டின் கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் சிறுவனும் நிறுத்திவிடுவான் அல்லவா, அதே உண்மை. உராய்வுக் குணகம் 0.3 என்றால் அரைச் சுற்றுக்கு 2.6 மடங்கு, முழுச் சுற்றுக்கு 6.6 மடங்கு விசையைத் தாங்கும்.

ஆனால் தழுவவிட்டால் வேறொரு பிழை எட்டிப் பார்க்கும். 2 மில்லிமீட்டர் கனமுள்ள பின்னல் நாடா சக்கரத்தின் மேல் வளையும்போது அதன் நடுப்பகுதி சக்கர விளிம்பைவிடச் சற்றுப் பெரிய வட்டத்தில் போகிறது. 50 சென்டிமீட்டர் சக்கரத்தில் இந்த வித்தியாசம் ஒன்றேகால் சதவீதம். ஆகவே மெல்லிய ரிப்பனுக்குத் தழுவல் நல்லது. கனத்த நாடாவுக்கு நேர்க்கோட்டில் ஓடவிட்டு மேலிருந்து உருளையால் அழுத்துவது நல்லது.

இரண்டாவது தேய்மானம். ஆண்டுக்கணக்கில் உரசி, ரப்பர் விளிம்பின் விட்டம் 1 மில்லிமீட்டர் குறைந்தது என்போம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுழற்சிக்கும் 3 மில்லிமீட்டர் குறைந்த நாடா போகிறது. மீட்டரோ அதை 50 சென்டிமீட்டர் என்றே எழுதிக்கொள்கிறது. 144 யார் சுருளில் வாங்குபவருக்குக் குறைவது 83 சென்டிமீட்டர். விளிம்பில் பஞ்சும் பிசினும் படிந்து சக்கரம் பருத்தால் நட்டம் மறுபக்கம் சாயும். ஈரத் துணியால் விளிம்பைத் துடைப்பது கடைக்காரர் தனக்கே செய்துகொள்ளும் நியாயம்.

இரு பக்கமும் தெரியும் எண்

மலையக மக்களுக்கு அளவு என்பது படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதைத் தினமும் வாழ்கிறார்கள். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது, முழுப் பேர் (முழுநாள் கணக்கு) விழுமா அரைப் பேரா என்பதில் அன்றைய சம்பளம் தொங்குகிறது. தராசின் எண்ணை நிறுப்பவர் மட்டும் பார்த்து வாயால் சொன்னால், கொழுந்து எடுத்தவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. தராசைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்பது அவருடைய உரிமை. அறிவியலும் அதையேதான் கேட்கிறது. ஒருவர் அளந்ததை இன்னொருவர் சரிபார்க்க முடிந்தால்தான் அது அளவு.

கைப்பொறியின் பெருமை இங்கேதான். அதில் மூடிவைத்த உறுப்பு எதுவும் இல்லை. நாடா எங்கிருந்து வருகிறது, எந்தச் சக்கரத்தைத் தொடுகிறது, எண் எப்போது மாறுகிறது என்பதை மேசையின் இரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டம் வியாபார அளவுக்கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிடும் பொறுப்பை ஒரு திணைக்களத்திடம் கொடுத்திருக்கிறது. நாடு மெட்ரிக் முறைக்கு மாறிப் பல்லாண்டுகள் ஆகியும் புடவைக் கடையில் ‘யார்’ வழக்கொழியவில்லை. 1 யார் என்பது 0.9144 மீட்டர். விலை மீட்டருக்கா யாருக்கா என்று கேட்காமல் வாங்கினால் நூற்றுக்கு எட்டரை பங்கு வரை ஏமாறலாம்.

பொறியைச் சோதிப்பது கடினமல்ல. நீளாத பருத்தி ரிப்பன் ஒன்றை உருக்கு அளவுநாடாவில் 10 மீட்டர் அளந்து இரு முனையிலும் பேனாவால் கோடிடுங்கள். முதல் கோடு சக்கரத்தைத் தொடும்போது மீட்டரைப் பூச்சியமாக்கி, மெதுவாகச் சுழற்றுங்கள். இரண்டாவது கோடு வரும்போது 10 என்று இருக்க வேண்டும். பிறகு அதே ரிப்பனை வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே எண், ஆனால் 10 இல்லை என்றால் சக்கரம் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. முறைக்கு முறை எண் மாறினால் நாடா வழுக்குகிறது. மாறாத பிழை ஒன்று, மாறும் பிழை இன்னொன்று என்று பிரித்துப் பார்க்கும் இந்த வழிதான் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் நடக்கிறது. ஹட்டன் கடை மேசையில் ஒரு ரிப்பனைக் கொண்டு அதை ஒரு பள்ளி மாணவி செய்துகாட்ட முடியும். செய்துகாட்டியவள் நாளைக்குக் கொழுந்துத் தராசின் முன்னாலும் சரியான கேள்வியைக் கேட்பாள்.